வியன்னாவின் பைஸ்லில் வயிறாரச் சாப்பிட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியன்னாவுக்கு வருகிறவர்கள் முதல் நாள் அரண்மனை பார்ப்பார்கள். இரண்டாம் நாள் காபி ஹவுஸில் ஒரு கேக். சாப்பாட்டுக்கு மட்டும் இந்திய ஓட்டலையோ கெபாப் கடையையோ தேடிப் போய்விடுவார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். இந்த ஊரின் கைமணம் பைஸ்ல் என்கிற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில்தான் இருக்கிறது. என்னோடு வந்து சாப்பிட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பைஸ்ல் என்றால் என்ன? ஓட்டலா, பாரா?

இரண்டும்தான். வேலை முடிந்து போகிறவர் நின்றபடியே ஒரு பியர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து நிதானமாகவும் சாப்பிடலாம். சுவரில் பாதி உயரத்துக்குக் கருத்துப்போன மரப்பலகை, ஒரு பக்கம் பியர் ஊற்றும் மேடை, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய அன்றைய சமையல். அலங்காரம் அவ்வளவுதான். வெயில் காலத்தில் வாசல் நடைபாதையிலும் மேஜை போடுவார்கள். அதற்கு ஷானிகார்ட்டன் என்று பெயர். யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் 'வீடு' என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து பைஸ்ல் என்ற பெயர் வந்ததாகப் பலரும் சொல்கிறார்கள்.

1858 முதல் நடந்துவரும் க்மோவாகெல்லர் மாதிரி பெயர்பெற்ற இடங்களும் உண்டு. ஆனால் அதைத்தான் தேடிப் போக வேண்டும் என்றில்லை. நீங்கள் தங்கியிருக்கும் தெருவுக்குப் பக்கத்தில், உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிற ஒரு கடை போதும்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

வார நாளில், மதியம் 12 மணிக்கு. இதை நான் எல்லாரிடமும் அடித்துச் சொல்வேன். இரவுச் சாப்பாட்டை விட மதியச் சாப்பாட்டில்தான் பைஸ்லின் அருமை தெரியும்.

திங்கள் முதல் வெள்ளி வரை மதிய மெனு ஒன்று இருக்கும், 'மிட்டாக்ஸ்மெனூ' என்பார்கள். ஒரு சூப், ஒரு முக்கிய உணவு, இரண்டும் சேர்த்துப் பெரும்பாலும் 10 முதல் 15 யூரோ. என்ன கிடைக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும். அன்று காலையில் அந்தச் சமையல்காரர் எதைப் பெரிய பாத்திரத்தில் ஏற்றினாரோ அதுதான். பக்கத்து ஆபீஸ்காரர்கள், உடுப்பில் பெயிண்ட் ஒட்டிய தொழிலாளர்கள், தனியாக வாழும் பாட்டிமார் எல்லாரும் அதைச் சாப்பிடத்தான் வருகிறார்கள். ஒரே கூட்டம் வாரம் முழுக்க வருகிற இடத்தில் ஏனோதானோ என்று சமைத்துவிட்டுப் பிழைக்க முடியாது. அன்று ஆக்கியது அன்றே தீர்ந்துவிடும். மெனு கார்டில் இருக்கும் நீளமான பட்டியலை விட்டுவிட்டுக் கரும்பலகையைப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. பல பைஸ்ல்கள் ஞாயிறு மூடியிருக்கும், சிலவற்றுக்கு வார நடுவில் ஒரு நாள் லீவு. மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் சில கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கடை திறந்திருக்கும், பியர் கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. வாசலில் 'வார்மெ க்யூஷெ' என்று எழுதி நேரம் போட்டிருந்தால் அதுதான் அடுப்பு எரியும் நேரம்.

முதல் தடவை ஷ்னிட்சல்தான் சாப்பிட வேண்டுமா?

ஷ்னிட்சல் என்பது மெல்லியதாகத் தட்டி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி. ஆனால் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவராக இருந்தால் முதலில் குலாஷ் சாப்பிடுங்கள் என்பேன்.

குலாஷ் ஹங்கேரியிலிருந்து வந்தது. அங்கே அது சூப் மாதிரி நீர்க்க இருக்கும். வியன்னாவுக்கு வந்த பிறகு கெட்டிக் குழம்பாகிவிட்டது. இங்கே இதன் உயிர் வெங்காயம். கிட்டத்தட்ட இறைச்சியின் எடைக்கு நிகராக வெங்காயம் போடுவார்கள். அதைப் பொன்னிறம் தாண்டும்வரை பொறுமையாக வதக்கி, அடுப்பைத் தணித்து, இனிப்பு வகை மிளகாய்த்தூளான பாப்ரிக்காவைத் தூவி, உடனே கொஞ்சம் வினிகரும் தண்ணீரும் விடுவார்கள். அந்த ஒரு நொடி தப்பினால் பாப்ரிக்கா கருகிக் கசந்துபோகும். அப்புறம் கருஞ்சீரகம் போலில்லாமல் நம் சீரகத்தின் சாயலில் இருக்கும் க்யூம்மல், மார்ஜோரம் என்ற காய்ந்த இலை, பூண்டு. கறி, மாட்டின் கணுக்கால் சதை. அதில் உள்ள நரம்பும் ஜவ்வும் இரண்டு மூன்று மணி நேரம் வெந்து கரைந்துதான் குழம்புக்குக் கெட்டித்தன்மை வருகிறது. நல்ல கடையில் மாவு கரைத்து ஊற்ற மாட்டார்கள்.

கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு ஒரு கணம் அப்படியே நின்று, மெல்ல மூடிக்கொள்ளும். குழம்பின் ஓரத்தில் சிவப்பு எண்ணெய் மினுங்கும். ஸெம்மல் என்கிற சின்ன ரொட்டியைப் பிய்த்து அதில் துடைத்துச் சாப்பிட வேண்டும். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சூடுபண்ணிச் சாப்பிட்டால் ருசிப்பது குலாஷ் ஒன்றுதான் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. மறுநாள் மீன்குழம்பின் அருமை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, ஷ்னிட்சல் எப்படி இருந்தால் நல்ல ஷ்னிட்சல்?

முதலில் பெயர். ஆஸ்திரிய உணவு விதிகளின்படி வெறுமனே 'வீனர் ஷ்னிட்சல்' என்று எழுதினால் அது கன்றுக்குட்டி இறைச்சியாகத்தான் இருக்க வேண்டும். பன்றி இறைச்சி என்றால் அதையும் சேர்த்து எழுத வேண்டும். விலையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும், கன்று 20 யூரோவைத் தாண்டும். பன்றியில் செய்தது மட்டமானது என்று அர்த்தமில்லை. 1905 முதல் இருக்கும் ஃபிக்ல்ம்யுல்லர் கடையில் தட்டுக்கு வெளியே தொங்கும் அளவுக்குப் பெரிதாகத் தருகிறார்களே, அந்தப் பெயர்பெற்ற ஷ்னிட்சல் பன்றிதான்.

செய்முறை எளிமை, கைப்பக்குவம்தான் கஷ்டம். இறைச்சியைச் சுத்தியால் தட்டி மெல்லியதாக்கி, மாவு, அடித்த முட்டை, ரொட்டித்தூள் என்று மூன்றிலும் வரிசையாகப் புரட்டுவார்கள். ரொட்டித்தூளை அழுத்தி ஒட்டக்கூடாது. நிறைய நெய்யிலோ பன்றிக் கொழுப்பிலோ எண்ணெயிலோ மிதக்கவிட்டு, வாணலியை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். சூடான கொழுப்பு மேலே புரளப் புரள, உள்ளே எழும் ஆவி மேலோட்டைத் தூக்கிவிடும். நம் பூரி உப்புகிறதே, அதே சூட்சுமம். தட்டில் வரும்போது மேலோடு அலை அலையாக, இறைச்சியை விட்டு விலகி நிற்க வேண்டும். கத்தி வைத்ததும் மொறுக்கென்ற சத்தம் கேட்க வேண்டும். எண்ணெய் வடியக்கூடாது. குழம்பு ஊற்றித் தந்தால் அது வியன்னா முறையே இல்லை. எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டு, பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட் வைத்துச் சாப்பிடுவார்கள்.

சமையலறைப் பக்கமிருந்து தட் தட் என்று தட்டும் சத்தம் வந்தால் சந்தோஷப்படுங்கள். நீங்கள் சொன்ன பிறகுதான் உங்களுடையது தயாராகிறது.

ஆஸ்திரியத் தளபதி ராடெட்ஸ்கி இத்தாலியின் மிலானிலிருந்து இதைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

தாஃபெல்ஷ்பிட்ஸ் என்பது வெறும் வேகவைத்த மாட்டிறைச்சிதானே? அதற்கு ஏன் இத்தனை பேச்சு?

வேகவைத்ததுதான். ஆனால் எந்தத் துண்டு, எவ்வளவு மெதுவாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாட்டின் பின்பகுதியில் வால் பக்கத்துச் சதை அது. கேரட், செலரிக் கிழங்கு, லீக்ஸ், மிளகு போட்டுக் கொதிக்கவிடாமல் சிறுதீயில் மணிக்கணக்காக வைப்பார்கள். முதலில் அந்தச் சாறு சூப்பாக வரும், அப்புறம் இறைச்சி. தொட்டுக்கொள்ள ஆப்பிளும் க்ரேன் என்கிற உறைப்பான கிழங்கும் சேர்த்துத் துருவியது, சின்ன வெங்காயத்தாள் போட்ட வெள்ளைச் சாஸ், மொறுமொறுப்பாக வதக்கிய உருளைக்கிழங்கு. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்புக்கு மிகவும் பிடித்த உணவு இது. முழு முறைப்படி வேண்டுமென்றால் விலை கூடும். சில நாட்களில் பைஸ்லின் மதியப் பலகையிலேயே எளிமையாக வரும், விடாதீர்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம். எதைச் சாப்பிடலாம்?

நிறைய இருக்கிறது. பாக்ஹெண்டில் என்றால் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழி. ஷ்வைன்ஸ்பிராட்டன் என்பது பூண்டும் க்யூம்மலும் தேய்த்து அடுப்பில் சுட்ட பன்றி, மேல்தோல் அப்பளமாக நொறுங்கும். அதோடு புளித்த முட்டைக்கோஸும் க்னோடல் என்கிற ரொட்டி உருண்டையும் வரும். ஆற்று மீன், ஏரி மீன் கிடைக்கும் கடைகளும் உண்டு. ப்ராட்டர் பூங்காவில் இருக்கும் ஷ்வைட்ஸர்ஹவுஸ் பெரிய பியர் தோட்டம். அங்கே ஷ்டெல்ட்ஸெ எனும் சுட்ட பன்றிக்கால் பிரமாதமாக இருக்கும், மூன்று நான்கு பேர் பகிர்ந்து சாப்பிடலாம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

கார்டில் இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள்: ரிண்ட் மாடு, கால்ப் கன்று, ஷ்வைன் பன்றி, ஹெண்டில் அல்லது ஹூன் கோழி, பூட்டெ வான்கோழி, ஃபிஷ் மீன், ஷ்பெக் உப்பிட்டுப் புகைபோட்ட பன்றி.

உஷாராக இருக்க வேண்டிய இடம் சூப். ஃப்ரிட்டாட்டன் சூப் என்றால் தோசை மாதிரி மெல்லிய அடையை நூலாக நறுக்கிப் போட்டிருப்பார்கள், பார்த்தால் சாதுவாக இருக்கும். அந்தத் தெளிந்த சாறு மாட்டெலும்புச் சாறு. ரவை உருண்டை போட்ட சூப்பும் அப்படித்தான்.

ஹலால் கிடைக்குமா?

வழக்கமான பைஸ்லில் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழி ஷ்னிட்சல் கூடப் பன்றியைப் பொரித்த அதே எண்ணெயில் பொரிந்திருக்கலாம். மீனோ, இனிப்பு வகையோ கேட்டு, எந்தக் கொழுப்பில் சமைக்கிறார்கள், ரம் சேர்க்கிறார்களா என்று விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

சுத்த சைவம். வந்தால் பட்டினிதானா?

இல்லவே இல்லை. ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

ஒரு தடவை சைவ நண்பர் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். உருளைக்கிழங்கு சாலட்டில் என்ன இருந்துவிடப் போகிறது என்று இருவருமே நினைத்தோம். அவர் ரசித்துச் சாப்பிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டபோதுதான் பரிமாறியவர் அது மாட்டுச் சாற்றில் ஊறவைத்தது என்று சொன்னார். வியன்னா முறையே அதுதான்: வெந்த கிழங்கைச் சூட்டோடு நறுக்கி, வெந்நீருக்குப் பதில் சூடான மாட்டுச் சாறும் வினிகரும் விடுவார்கள். நண்பர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு தட்டுக்கும் கேட்காமல் விடுவதில்லை. 'ஓனெ ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி இல்லாமல்; அது மட்டும் போதாது. 'ஓனெ ரிண்ட்ஸுப்பெ, ஓனெ ஷ்பெக், ஓனெ ஷ்மால்ட்ஸ்' என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: மாட்டுச் சாறு, புகைபோட்ட பன்றி, பன்றிக் கொழுப்பு மூன்றும் வேண்டாம். புளித்த முட்டைக்கோஸ், பீன்ஸ், க்னோடல் இவற்றில் பன்றித் துண்டு ஒளிந்திருப்பது சகஜம்.

இவற்றைத் தேடுங்கள். ஆல்ப்ஸ் பக்கத்துக் கேஸ்ஷ்பெட்ஸ்லெ: முட்டை மாவில் செய்த சின்னச் சின்னத் துண்டுகள், உருகி இழுபடும் சீஸ், மேலே பொரித்த வெங்காயம். கடும்பசிக்குச் சரியான சாப்பாடு. அப்புறம் க்ராவுட்ஃப்ளெக்கெர்ல்: முட்டைக்கோஸைச் சர்க்கரையில் கருக வதக்கிச் சதுரப் பாஸ்தாவோடு புரட்டியது. மிளகு தூக்கலாக இருக்கும். காளான் குலாஷும் சில இடங்களில் உண்டு; கோடை வந்தால் மஞ்சள் நிற ஐயர்ஷ்வாம்மெர்ல் காளான் எல்லாக் கரும்பலகையிலும் ஏறிவிடும். ஸ்டைரியா மாநிலத்துப் பூசணி விதை எண்ணெய் ஊற்றிய கீரைச் சாலட்டைக் கட்டாயம் கேளுங்கள். கரும்பச்சையாக, தட்டில் கறை போலத் தெரியும். வறுத்த வேர்க்கடலைக்குக் கிட்ட வரும் மணம்.

முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கஷ்டம்தான். மாவில் செய்தவற்றில் பெரும்பாலும் முட்டை இருக்கும்.

கார்டில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் ஏ, சி, ஜி என்று எழுத்துகள் இருக்கின்றனவே, என்ன அது?

ஒவ்வாமைக் குறிப்பு. ஏ என்றால் கோதுமை முதலான பசைத்தன்மையுள்ள தானியம், சி முட்டை, டி மீன், ஈ வேர்க்கடலை, ஜி பால், ஹெச் கொட்டைப் பருப்பு வகை, எல் செலரி, எம் கடுகு, ஓ சல்பைட். முட்டை வேண்டாதவர்கள் சி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், பேசவே தேவையில்லை. ஆனால் இறைச்சிச் சாற்றை எந்த எழுத்தும் காட்டிக்கொடுக்காது.

காரம் இருக்குமா? ஊறுகாய் கொண்டுபோகலாமா?

மிளகாய்க் காரம் கிடையாது. அந்தச் சமையலின் உறைப்பு க்ரேனில் இருக்கிறது. வெள்ளை நிறக் கிழங்கு, புதிதாகத் துருவித் தூவுவார்கள். நாக்கில் எதுவும் தெரியாது. இரண்டு நொடி கழித்து நேராக மூக்குக்குள் ஏறும். கண்ணில் நீர் வரும், உடனே இறங்கிவிடும். சுட்ட பன்றியோடும் வேகவைத்த மாட்டோடும் அது இல்லாமல் சாப்பிடக்கூடாது என்பேன். கடுகு விழுதிலும் 'ஸ்யூஸ்' என்றால் இனிப்பு, 'ஷார்ஃப்' என்றால் உறைப்பு, ஷார்ஃப் கேளுங்கள். ஊறுகாயை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இரண்டாம் நாள் அந்த வெங்காயத்தின் இனிப்பும் க்யூம்மலின் வாசமும் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

குடிக்க என்ன கேட்பது?

பியர் என்றால் ஸைடல் 300 மில்லி, க்ரூகெர்ல் அரை லிட்டர். வெள்ளை ஒயினும் சோடாவும் கலந்தால் கெஷ்ப்ரிட்ஸ்டர். மது வேண்டாதவர்களுக்கு அல்ம்டூட்லர் இருக்கிறது, 1957 முதல் வரும் மூலிகைச் சோடா. ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்ததும் நன்றாக இருக்கும்.

குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடியுங்கள். வியன்னாவின் குடிநீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. முதல் மலைநீர்க் குழாய்ப்பாதை 1873-லும் இரண்டாவது 1910-லும் திறக்கப்பட்டன. 'லைட்டுங்ஸ்வாஸர்' என்று கேளுங்கள். வேறெதுவும் குடிக்காமல் தண்ணீர் மட்டும் கேட்டால் சில கடைகளில் சிறு தொகை வாங்குவார்கள்.

இனிப்பையே சாப்பாடாகச் சாப்பிடுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கத்தோலிக்க வழக்கப்படி வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்த்த காலத்திலிருந்து வந்த பழக்கம். இன்றும் வெள்ளி மதியப் பலகையில் மீனோ இனிப்போ இருக்கும். இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொகீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து வியன்னா வீடுகளுக்குச் சமையல் வேலைக்கு வந்த பெண்களின் கையோடு வந்தவை இவற்றில் பல.

கைஸர்ஷ்மார்ன் என்பது கெட்டியான, பஞ்சு மாதிரி முட்டை அடை. வாணலியிலேயே கிழித்து, வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுப் புரட்டி, பிளம்ஸ் பழக்கூட்டோடு தருவார்கள். ஒரு தட்டு இருவருக்குத் தாராளம். ஜூலையில் போனால் மாரில்லன்க்னோடல்தான் என் முதல் தேர்வு: முழு ஆப்ரிகாட் பழத்தை மாவுக்குள் பொதித்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் உருட்டியது. நம் கொழுக்கட்டையைக் கையாள்வது போலவே கையாள வேண்டும், அவசரப்பட்டுக் கடித்தால் உள்ளிருக்கும் பழச்சாறு நாக்கைச் சுட்டுவிடும்.

ஜெர்மன் தெரியும், ஆனாலும் கார்டு புரியவில்லை. ஏன்?

ஆஸ்திரியாவுக்கென்று தனிச் சொற்கள் இருக்கின்றன. உருளைக்கிழங்கு எர்ட்எப்ஃபெல், தக்காளி பாரடைஸர், காலிஃபிளவர் கார்ஃபியோல், பீன்ஸ் ஃபிஸோலன், ஆப்ரிகாட் மாரில்லெ. 1995-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது இப்படி 23 உணவுச் சொற்களுக்கு ஒப்பந்தத்திலேயே இடம் வாங்கிக்கொண்டார்கள். தங்கள் தக்காளிக்குத் தங்கள் பெயரே இருக்கட்டும் என்று நின்ற அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

உட்காருவதற்கு ஏதாவது முறை உண்டா?

உள்ளே நுழைந்ததும் 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொல்லுங்கள். மதியம் என்றால் 'மால்ட்ஸைட்'. 'ஷ்டாம்டிஷ்' என்ற பலகை வைத்த மேஜை தினமும் வருகிறவர்களுக்கானது, அது காலியாக இருந்தாலும் உட்காரக்கூடாது. மற்றபடி கூட்டமாக இருந்தால் அடுத்தவர் மேஜையில் இடம் கேட்டு உட்காருவது சகஜம்.

பரிமாறுகிறவர் சிரிக்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். வியன்னாவில் அது கோபமில்லை, சுபாவம். இரண்டாவது தடவை போனால் போன தடவை என்ன சாப்பிட்டீர்கள் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும்.

பில், டிப்ஸ் எப்படி?

'ஸாலன், பிட்டெ' என்றால் பில் வரும். மேஜையில் இருக்கும் ரொட்டிக் கூடை இலவசம் என்று நினைக்காதீர்கள். பல கடைகளில் எத்தனை ஸெம்மல் எடுத்தீர்கள் என்று கேட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம். அதை மேஜையில் வைத்துவிட்டு வருவது அங்கே வழக்கமில்லை, கொடுக்கும்போதே மொத்தத்தைச் சொல்லிவிட வேண்டும். பில் 27.40 என்றால் நோட்டை நீட்டி '30' என்று சொன்னால் போதும். சில சின்னக் கடைகளில் வங்கிக் கார்டு வாங்கமாட்டார்கள், பையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

மிச்சம் இருந்தால் 'ஐன்பாக்கன், பிட்டெ' என்று சொல்லுங்கள், கட்டிக்கொடுப்பார்கள். குலாஷாக இருந்தால் கட்டாயம் கட்டி வாங்குங்கள்.